மினுக்கிகள் இல்லாத பள்ளம்

ஒரு கடலில், குழந்தைகளே, வெயில் எட்டிப் பார்க்காத ஆழத்தில், ஒரு மலைச்சரிவு இருந்தது. நாற்பது தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அலைகளுக்குக் கீழே அது அவ்வளவு ஆழம். அங்கே எப்போதும் இருட்டு, எப்போதும் குளிர்.

அந்தச் சரிவுக்குச் சற்று மேலே, நடுத் தண்ணீரில், ஒரு பெருங்கணவாய் வாழ்ந்து வந்தாள். அவள் பெயர் நெடுங்கை. அவளுக்கு எட்டுக் கைகள். அவை போதாதென்று சாட்டை போல நீண்ட கைகள் இன்னும் இரண்டு. கை நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் ஒரு பேருந்தின் நீளம் இருப்பாள். கண்கள் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. உடம்புக்குள் மூன்று இதயங்கள் துடித்தன. அவளுடைய ரத்தத்தின் நிறம் நீலம்.

இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஊர் சுற்றுவதில்லை. ஒரே இடத்தில் சாய்ந்து மிதந்துகொண்டிருப்பாள். மீன் ஏதாவது அருகில் வந்தால் நீண்ட கைகள் இரண்டும் பாயும். கைகளில் வட்ட வட்டமாக உறிஞ்சிகள் இருந்தன. அவற்றின் விளிம்பைச் சுற்றிலும் பல். பிடித்தால் பிடித்ததுதான்.

அந்தத் தண்ணீரில் மினுக்கிகளும் இருந்தன. மினுக்கி என்பது கடுகைவிடச் சிறிய உயிர். யாராவது இடித்தால் நீல நிறத்தில் ஒருமுறை மின்னும், பிறகு அணைந்துவிடும். சிறிய மீன் இடித்தாலும் மின்னும், பெரிய சுறா இடித்தாலும் மின்னும். ஆள் பார்த்து நடக்கும் வழக்கம் அவற்றுக்கு இல்லை.

நெடுங்கைக்கு எதிரி என்று சொல்ல ஒருவன்தான் இருந்தான். பெருந்தலையன் என்ற திமிங்கிலம். அவன் வாழ்வது மேலே; பசித்தால் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்குவான். 'டக், டக்' என்று ஒலி எழுப்பி, அது எதில் மோதித் திரும்புகிறது என்று கேட்டே இருட்டில் இரை தேடுவான். கணவாய்களின் காதுக்கு அந்த ஒலி எட்டாது. அதனால் அவன் வேட்டையாடும் விதம் நெடுங்கைக்குத் தெரியாது.

ஆனால் அவன் வருவது அவளுக்குத் தெரியும். அவன் உடம்பு இடித்து மினுக்கிகள் லட்சக்கணக்கில் மின்னும். தூரத்தில் ஒரு வீட்டின் அளவுக்கு நீல வெளிச்சம் நகர்ந்து வரும். அவ்வளவு தூரத்தில் அது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. நெடுங்கையின் தட்டுக் கண்களுக்குத் தெரியும். பார்த்த மறு நொடியே உடம்பில் இழுத்து வைத்திருந்த தண்ணீரைப் பீய்ச்சி, அம்பு போல ஓடிவிடுவாள். இப்படி ஏழு முறை தப்பியிருந்தாள்.

நெடுங்கைக்கு ஐந்து வயது ஆயிற்று. பெருங்கணவாய்க்கு அது முதிர்ந்த வயது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் முட்டையிடுவாள். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கமாட்டாள். அவள் வயிற்றில் முட்டைகள் உருவாகத் தொடங்கியிருந்தன. அவை முற்ற வேண்டுமானால் அவள் நிறையச் சாப்பிட வேண்டும்.

அந்த ஆண்டோ மீன் குறைவு. வந்த மீன்களும் கைக்கு அகப்படவில்லை. அவள் கை பாய்ந்ததும் வழியிலிருந்த மினுக்கிகள் மின்னின. மீன் திரும்பிப் பார்த்தது; ஓடிவிட்டது. ஒரே நாளில் ஐந்து மீன்கள் இப்படித் தப்பின.

நெடுங்கைக்குக் கோபம் வந்தது.

"நான் வருவதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்லுகிறீர்கள்?" என்று மினுக்கிகளைக் கேட்டாள்.

"நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இடித்தார்கள், மின்னினோம்" என்றன மினுக்கிகள்.

"என் வயிற்றில் முட்டைகள் இருக்கின்றன. எனக்காக ஒரு பத்து நாள் மின்னாமல் இருக்கக் கூடாதா?"

"இடிப்பது நீயா, இன்னொருவரா என்று எங்களுக்குத் தெரியாது. கண் இருப்பது உனக்கு. எங்களுக்கு இல்லை."

நெடுங்கை பசியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தப் பேச்சைச் சரிவின் அடியிலிருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் வழும்பன். விலாங்கு போல நீண்ட உடம்பு, தாடை இல்லாத வாய். கண் சரியாகத் தெரியாது; மூக்கு மட்டும் வெகு கூர்மை. அவனைத் தொட்டால் போதும், உடம்பிலிருந்து வாளி வாளியாக வழும்பு சுரக்கும். வழுக்கி நழுவிவிடுவான்.

வழும்பனும் அவன் கூட்டத்தாரும் வேட்டையாடுவதில்லை. மேலிருந்து செத்து விழுவதைத் தின்று பிழைத்தார்கள். கடித்து இழுக்கத் தாடை இல்லாததால் அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். நாக்கிலுள்ள பல்லைச் சதையில் பதித்துவிட்டு, வாலைச் சுருட்டி உடம்பிலேயே ஒரு முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சை முன்னால் தள்ளி, அதை ஊன்றிக்கொண்டு சதையைப் பிய்ப்பார்கள்.

ஏழு மாதமாக அவர்கள் தலைமேல் ஒன்றும் விழவில்லை.

வழும்பன் தன் தங்கையிடம் போனான். "தங்கச்சி, மேலே மிதக்கிறாளே அந்தக் கணவாய், அவள் எத்தனை பேருக்குச் சாப்பாடு ஆவாள்?"

"நம் கூட்டம் முழுவதற்கும் ஒரு வருஷத்துக்கு வரும், அண்ணா. ஆனால் அவள் உயிரோடு இருக்கிறாளே!"

"உயிரோடுதான் இருக்கிறாள். ஆனால் பசியோடும் இருக்கிறாள். பசித்தவளை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்தலாம்."

"எந்தப் பக்கம் நகர்த்தப் போகிறாய்?"

"வடக்குப் பள்ளத்துக்கு" என்றான் வழும்பன்.

சரிவுக்கு வடக்கே இருந்த பள்ளத்தைத் தங்கையும் அறிவாள். அடியிலிருந்து ஒரு நீரோட்டம் ஓயாமல் அங்கே மேலே பாய்ந்துகொண்டிருக்கும். அதனால் மினுக்கிகளால் அங்கே தங்க முடியாது. அந்தப் பள்ளத்தின் தரையில் கணவாய்களின் அலகுகள் குவிந்து கிடந்தன. கிளியின் மூக்கு போல வளைந்த, கடினமான அலகுகள். பெருந்தலையன் விழுங்கிய கணவாய்களில் அவன் வயிற்றுக்குச் செரிக்காதது அது ஒன்றுதான். அதை அவ்வப்போது கக்கிவிடுவான்.

"அங்கே வைத்து அவளை அவன் முழுசாக விழுங்கிவிட்டால், நமக்கு என்ன மிஞ்சும்? வெறும் அலகுதானே?" என்று தங்கை கேட்டாள்.

"இதுவரை போனதெல்லாம் சின்னக் கணவாய்கள். இவள் ஒரே வாய்க்கு அடங்கமாட்டாள், சண்டை போடுவாள். பாதியாவது கீழே சிந்தும். செத்தது எதுவானாலும் கீழேதானே விழ வேண்டும்?"

தங்கைக்கும் பசிதான். சரி என்றாள்.

வழும்பன் நெளிந்து நெளிந்து சரிவின் உச்சிக்கு ஏறினான். நெடுங்கை அப்போது ஒரே ஒரு மீனைப் பிடித்து வைத்துக்கொண்டு, அலகால் நறுக்கி நறுக்கி, பொடித்துண்டுகளாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"நெடுங்கை அக்கா, கும்பிடுகிறேன். பசியோடு இருக்கிறவள் இப்படியா கொறிப்பது? ஒரே வாயில் போட்டுவிடலாமே!"

"என் தொண்டை என் மூளையின் நடுவே புகுந்து போகிறது, வழும்பா. பெரிய துண்டை விழுங்கினால் மூளை நசுங்கிவிடும்."

"அடடா! எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது போகட்டும். மீன் கிடைக்கவில்லையா, அக்கா?"

"எங்கே கிடைக்கிறது? கையை நீட்டினால் இந்த மினுக்கிகள் விளக்கேற்றிவிடுகின்றன."

"அப்படியானால் மினுக்கிகள் இல்லாத இடத்துக்குப் போக வேண்டியதுதானே?"

நெடுங்கை நறுக்குவதை நிறுத்தினாள். "அப்படி ஒரு இடம் இருக்கிறதா?"

"வடக்குப் பள்ளம். ஒரு மினுக்கிகூடக் கிடையாது. மீனோ கூட்டம் கூட்டமாக வருகிறது. எல்லாம் விளக்கு மீன்கள். வயிற்றில் தாமே விளக்கு வைத்துக்கொண்டு திரிபவை. அவை இருக்கும் இடம் உனக்குத் தெரியும். நீ இருக்கும் இடம் அவற்றுக்குத் தெரியாது."

"பெருந்தலையன் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு வழும்பன் விடை தயாராக வைத்திருந்தான்.

"அக்கா, மினுக்கிகள் உன்னை மீன்களிடம் மட்டுமா காட்டிக்கொடுக்கின்றன? பெருந்தலையனிடமும்தானே? ஏழு முறை அவன் உன்னைத் தேடி வந்தானே, இந்தக் கும்மிருட்டில் எப்படி வந்தான் என்று யோசித்தாயா? வெளிச்சமே இல்லாத இடத்தில் உன்னை யார் பார்க்க முடியும்?"

நெடுங்கை யோசித்தாள். சரியாகத்தான் பட்டது. வயிற்றில் முட்டைகள் கனத்தன.

"உனக்கு ஏன் என்மேல் இவ்வளவு அக்கறை?" என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "நல்ல சமயத்தில் வந்து சொன்னாய், வழும்பா" என்றாள்.

அன்றே அவள் வடக்கே புறப்பட்டாள். அவள் போன வழியெல்லாம் மினுக்கிகள் மின்னின. அவள் கடந்ததும் அணைந்தன. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் ஒன்றும் மின்னவில்லை. அடியிலிருந்து வந்த குளிர்ந்த நீரோட்டம் அவள் உடம்பைத் தடவிக்கொண்டு மேலே போயிற்று.

வழும்பன் சொன்னதில் பாதி உண்மை. விளக்கு மீன்கள் வந்தன. சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒளிர்ந்துகொண்டு, ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம் வந்தது. நெடுங்கை கையை நீட்டினாள். எந்த மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாள் ஒன்பது மீன்கள் பிடித்தாள். இரண்டாம் நாள் பதினான்கு.

இப்படியே இருபது நாள் போயிற்று. அவள் உடம்பு தேறியது. முட்டைகள் முற்றின. இன்னும் நான்கைந்து நாளில் இட்டுவிடலாம் என்று தோன்றியது.

ஒருநாள் வழும்பன் பள்ளத்தின் சுவரோரமாக வந்து நின்றான்.

"சௌக்கியமா, அக்கா?"

"நீ நன்றாக இருக்க வேண்டும், வழும்பா! என் பிள்ளைகள் பிழைத்தால் அது உன்னால்தான். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும், சொல்."

வழும்பனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் எட்டு மாதப் பசி அந்தக் கூச்சத்தை மூடிவிட்டது.

"ஒன்றும் வேண்டாம், அக்கா. நீ இங்கேயே இரு. அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

அதற்கு மூன்றாம் நாள் பெருந்தலையன் வந்தான்.

கடலின் மேலே நீண்ட மூச்சு ஒன்றை இழுத்துக்கொண்டு, தலைகுப்புறப் பாய்ந்து, நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினான். 'டக், டக், டக்.' ஒலி சுவரில் மோதித் திரும்பியது. நடுத் தண்ணீரில் எதிலோ மோதியும் திரும்பியது. அந்த ஏதோ ஒன்று பெரியதாக இருந்தது.

நெடுங்கை தன் தட்டுக் கண்களைத் திறந்துதான் வைத்திருந்தாள். விளக்கு மீன்கள் தெரிந்தன. திடீரென்று அவை எல்லாம் சிதறி ஓடின. ஏன் ஓடுகின்றன என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே தண்ணீர் அவளை மோதித் தள்ளியது. அதன் பின்னாலேயே பல் வந்தது.

நீண்ட கைகளில் ஒன்று அறுந்து போயிற்று. உடம்பின் ஒரு பக்கம் கிழிந்தது.

நெடுங்கை ஓட முயலவில்லை. ஓட நேரம் இல்லை. மிச்சமிருந்த கைகள் ஒன்பதையும் பெருந்தலையனின் தலைமேல் வீசிப் பற்றினாள். உறிஞ்சிகளின் பல் அவன் தோலில் வட்ட வட்டமாகப் பதிந்தது. அவன் உதறினான். அவள் விடவில்லை. அவன் சுவரில் கொண்டுபோய் அவளை அறைந்தான். அப்போதும் விடவில்லை. அவனுடைய வாய்க்கு நேராக ஒரு கை குறுக்கே கிடந்ததால் அவனால் வாயை அகலத் திறக்க முடியவில்லை.

"விடு!" என்றான் பெருந்தலையன்.

"விட்டால் தின்றுவிடுவாய்."

"ஆமாம். பசிக்கிறது. உன்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை."

"நீ எப்படி என்னைக் கண்டுபிடித்தாய்? இங்கே வெளிச்சம் இல்லையே!"

"வெளிச்சமா? அது எனக்கு எதற்கு? நான் கேட்டுத்தானே வருகிறேன்" என்றான் பெருந்தலையன்.

சண்டை வெகுநேரம் நீடித்தது. கடைசியில் பெருந்தலையனின் மூச்சு குறைந்தது. திமிங்கிலத்துக்குக் காற்று வேண்டும். எத்தனை பசித்தாலும் அதை விட்டுவிட முடியாது. அவன் மேலே திரும்பினான். நெடுங்கை ஒவ்வொரு கையாக விடுவித்துக்கொண்டு, கறுப்பு மையைக் கக்கிவிட்டு விலகினாள்.

"மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன்" என்றான் பெருந்தலையன். சொன்னபடி செய்கிறவன் அவன்.

நெடுங்கை ஒளிய இடம் தேடிக் கீழே இறங்கினாள். கிழிந்த பக்கத்திலிருந்து நீல ரத்தம் வழிந்தது. கைகள் பள்ளத்தின் தரையைத் தொட்டன. சேறு இருக்கும் என்று எண்ணித் தடவியவளுக்கு வேறு எதுவோ தட்டுப்பட்டது. வளைந்தது, கடினமானது. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு கையும் ஒவ்வொன்றை எடுத்துப் பார்த்தது. எல்லாம் கணவாய் அலகுகள்.

அவளைச் சுற்றிலும் சேறு அசைந்தது. ரத்த வாசனை பிடித்து வழும்பனின் கூட்டம் முழுவதும் அங்கே வந்திருந்தது. ஐம்பது, அறுபது பேர் வட்டமாகப் படுத்திருந்தார்கள். யாரும் அருகில் வரவில்லை. யாரும் விலகியும் போகவில்லை.

"வழும்பா!" என்று கூப்பிட்டாள் நெடுங்கை.

"இருக்கிறேன், அக்கா."

"இந்த அலகுகள் இங்கே கிடப்பது உனக்குத் தெரியுமா?"

"எனக்குத்தான் கண் தெரியாதே, அக்கா."

"மூக்கு இருக்கிறது. தொட்டால் தெரியும். நீ படுத்திருப்பதே அவற்றின் மேல்தான்."

வழும்பன் அலகுகளின் மேலிருந்து நெளிந்து நகர்ந்தான்.

"உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?"

"ஒன்றுமில்லை. எட்டு மாதமாக நாங்கள் சாப்பிடவில்லை. அவ்வளவுதான்" என்றான் வழும்பன்.

நெடுங்கை அவனோடு சண்டை போடவில்லை. பெருந்தலையன் திரும்பி வருவதற்குள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. இந்தப் பள்ளத்தில் முட்டையிட அவளுக்கு மனம் இல்லை. கிழிந்த உடம்பில் தண்ணீரை இழுத்துப் பீய்ச்சினாள். பாதித் தண்ணீர் கிழிசல் வழியே ஒழுகியது. மறுபடி இழுத்தாள், மறுபடி பீய்ச்சினாள். இப்படித் தெற்கே, தன் சரிவை நோக்கி நகர்ந்தாள்.

தரையோடு தரையாக வழும்பனின் கூட்டமும் பின்னாலேயே வந்தது.

"அண்ணா, பள்ளத்திலேயே விழுந்திருக்க வேண்டியவள் போகிறாளே!" என்றாள் தங்கை.

"எங்கே போய்விடுவாள்? நம் வீட்டு வாசலுக்குத்தான் போகிறாள். நமக்கு நடை மிச்சம்" என்றான் வழும்பன்.

பள்ளத்தின் விளிம்பைக் கடந்ததும் முதல் மினுக்கி மின்னியது. பிறகு நூறு, பிறகு ஆயிரம். நெடுங்கை தன் உடம்பைச் சுற்றிலும் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"உங்களைத் திட்டினேன்" என்றாள்.

"யார் பேசுவது?" என்று கேட்டன மினுக்கிகள்.

"நெடுங்கை."

"இருந்துகொள். இடம் இருக்கிறது" என்றன.

அவள் திரும்பி, வடக்கே பார்த்தபடி மிதந்தாள். பெருந்தலையன் வந்தால் இங்கே தெரிந்துவிடும். அவன் இங்கே வரவில்லை; சொன்னபடி பள்ளத்துக்கே திரும்பி, அவளைக் காணாமல் போயிருக்க வேண்டும். நெடுங்கை முட்டையிடத் தொடங்கினாள். நுங்கு போலத் தெளிந்த, வழவழப்பான ஒரு பந்து அவளிடமிருந்து மெல்ல மெல்லப் பிரிந்து வந்தது. அதற்குள் லட்சக்கணக்கான முட்டைகள், அரிசி நொய்யைவிடச் சிறியவை. பந்து முழுவதும் வெளியே வந்ததும் சரிவின் மெல்லிய நீரோட்டம் அதை ஏந்திக்கொண்டது. கணவாய்க் குஞ்சுகள் வளர்வது மேல் தண்ணீரில். பந்து அதை நோக்கி மெல்ல உயர்ந்தபடி தெற்கே மிதந்து போயிற்று. போன வழி நெடுக மினுக்கிகள் ஒன்றிரண்டு மின்னின.

நெடுங்கை அந்த வெளிச்சம் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய மூன்று இதயங்களில் ஒன்று நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்றாவதும்.

கீழே, வழும்பனின் கூட்டம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"செத்துவிட்டாள். துடிப்பு நின்றுவிட்டது" என்றான் வழும்பன். "எல்லோரும் கொஞ்சம் தள்ளிப் படுங்கள். மேலே விழுந்து நசுக்கிவிடப் போகிறாள்."

எல்லோரும் தள்ளிப் படுத்தார்கள். காத்திருந்தார்கள். ஒன்றும் விழவில்லை.

"அண்ணா, வாசனை குறைகிறதே" என்றாள் தங்கை.

வழும்பன் மோந்து பார்த்தான். உண்மைதான். வாசனை விலகிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் அல்ல, மேல்நோக்கி.

பெருங்கணவாயின் சதையில், குழந்தைகளே, நவச்சாரம் என்ற கசப்பு உப்பு கலந்த நீர் நிறைந்திருக்கும். அது கடல் தண்ணீரைவிட லேசு. உயிரோடு இருக்கும்வரை அதனால்தான் அவள் களைக்காமல் மிதந்துகொண்டிருந்தாள். உயிர் போன பிறகும் அந்த நீர் சதைக்குள்தான் இருந்தது. மற்ற உயிர்களெல்லாம் செத்தால் கீழே விழும். பெருங்கணவாய் மேலே போகும். ஆழத்துச் சேற்றிலேயே பிறந்து வளர்ந்த வழும்பன் இதை ஒருபோதும் கண்டதில்லை.

"மேலே போகிறாள்!" என்று அலறினான். "வாருங்கள், பிடியுங்கள்!"

வழும்பனும் தங்கையும் இன்னும் நான்கு பேரும் நெளிந்து ஏறினார்கள். மற்றவர்களுக்கு அவ்வளவு உயரம் நீந்தத் தெம்பில்லை. வழும்பன் எல்லோருக்கும் முன்னால் போய், கிழிந்த பக்கத்தில் பல்லைப் பதித்தான். வாலைச் சுருட்டி முடிச்சுப் போட்டான். முடிச்சை முன்னால் தள்ளி, பலம் கொண்ட மட்டும் இழுத்தான்.

சதை வந்தது. வாயெல்லாம் நவச்சாரக் கசப்பு.

"அண்ணா, இதைத் தின்ன முடியாது. தொண்டை எரிகிறது" என்றாள் தங்கை.

"உள்ளே போகப் போக நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு வழும்பன் கிழிசலுக்குள் தலையை நுழைத்தான்.

உடம்பு உயர்ந்துகொண்டே இருந்தது. மினுக்கிகள் இருந்த மட்டத்தைத் தாண்டியது. தண்ணீரின் குளிர் குறைந்தது.

"அண்ணா, தண்ணீர் சுடுகிறது. நான் விடுகிறேன். நீயும் விட்டுவிடு" என்றாள் தங்கை.

"இருபத்து மூன்று நாள் காத்திருந்து அடைந்தது. ஒரு வருஷச் சாப்பாடு. இதை விடுவதா? போகிறவர்கள் போங்கள், எனக்குப் பங்கு கூடும்" என்றான் வழும்பன் கிழிசலுக்குள்ளிருந்து.

தங்கை வாயை எடுத்தாள். மற்ற நால்வரும் எடுத்தார்கள். ஐவரும் வெறும் வயிற்றோடு இருட்டுக்குள் இறங்கிப் போனார்கள்.

வழும்பன் இன்னும் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கிக்கொண்டான்.

தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று, பிறகு சூடாயிற்று. வழும்பனுக்குத் தலை சுற்றியது. இப்போது விட்டுவிடலாம் என்று நினைத்தான். முடிச்சை அவிழ்க்க வாலை இழுத்தான். வாலில் வலுவில்லை. முடிச்சு அவிழவில்லை.

நடுப்பகலில் நெடுங்கையின் உடம்பு கடலின் மேல் வந்து சேர்ந்தது. சிவந்த தோல் உரிந்து வெள்ளையாகிக் கிடந்தது. ஒன்பது கைகளும் அலையில் அசைந்தன. வெயில் என்ற ஒன்றை வழும்பன் அன்றுதான் அறிந்தான்.

கடற்பறவைகள் இரண்டு வந்து உடம்பின் மேல் உட்கார்ந்தன. ஒன்று சதையைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறியது.

"கசக்கிறது" என்றது அது.

"இதோ, இந்தக் கிழிசலில் ஒரு வால் தெரிகிறதே, அது எப்படி இருக்கும்?" என்றது மற்றது.

"ஐயா, நான் இவளைச் சேர்ந்தவன் அல்ல!" என்று கத்தினான் வழும்பன். "நான் கீழே இருக்கிறவன். தெரியாமல் வந்துவிட்டேன்!"

"மேலே வந்துவிட்டாயே" என்றது பறவை. அது வாலைப் பிடித்து இழுத்தது. வழும்பன் உடம்பிலிருந்து வழும்பு சுரந்தது. பறவை அலகைத் தண்ணீரில் அலசிக்கொண்டு மறுபடியும் பிடித்தது. மூன்றாம் முறை வழுக்கவில்லை.

முடிச்சு முடிச்சாகவே பறவையின் தொண்டைக்குள் போயிற்று.

நீதி: பிறரைக் கெடுத்துத் தான் பிழைக்க நினைப்பவன், அவரோடு சேர்ந்தே கெடுவான்.